செராமிக் கத்தி: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

செராமிக் கத்தி மழுங்கிப்போய்க் கைவிடப்படுவது குறைவு. பெரும்பாலும் அது உடைந்துதான் போகிறது. சிரட்டையிலிருந்து தேங்காயை நெம்பும்போது முனை ஒடியும். கழுவும்போது கை நழுவித் தரையில் விழுந்தால் இரண்டாகும். அப்படி எதுவும் நேராமல் பிழைத்த கத்தியைக்கூட சில மாதம் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், விளிம்பு நெடுகப் பொடிப்பொடியாகச் சில்லு பெயர்ந்திருக்கும். வாங்கியவர்களில் ஒரு சாரார் இதை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் தக்காளிக்கும் வெள்ளரிக்காய்க்கும் பழங்களுக்கும் மட்டும் ஆண்டுக்கணக்கில் அதை வைத்துக்கொண்டு, இதைப்போல ஒரு கத்தி கிடையாது என்கிறார்கள்.

இரு சாரார் சொல்வதும் உண்மை. அந்தக் கத்தி எதனால் ஆனது என்று பார்த்தால் காரணம் விளங்கிவிடும்.

பீங்கான் என்றதும் தேநீர்க் கோப்பைதான் நினைவுக்கு வரும். கோப்பை களிமண்ணிலிருந்து பிறந்தது. கத்தியின் அலகோ சிர்கோனியம் டை ஆக்சைடு, சுருக்கமாகச் சிர்கோனியா. பல் மருத்துவர் பொருத்தும் வெள்ளை 'கிரவுன்'களில் பலவும் இதே பொருள்தான். இதற்கான மூலத் தாதுவின் பெயர் சிர்கான். கடற்கரை மணலில் இல்மனைட், ரூடைல், மோனசைட் போன்ற கனிமங்களோடு கலந்து கிடப்பது. ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் இதைப் பெருமளவில் விற்கின்றன. நம் கரைகளிலும் இது உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். ஆலை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் கனிமங்களில் சிர்கானும் ஒன்று. இலங்கையில் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையிலும் இது எடுக்கப்படுகிறது. தூத்துக்குடிப் பக்கம் பழையகாயலில் இருக்கும் சிர்கோனியம் வளாகம், அணு உலைத் தேவைக்காகச் சிர்கோனியம் ஆக்சைடைத் தயாரிக்கிறது. இந்தத் தனிமத்தின் வரலாறே இலங்கையில் தொடங்குகிறது என்று சொல்லலாம். பெர்லின் வேதியியலாளர் மார்ட்டின் ஹைன்ரிக் கிளாப்ராத் 1789-இல் சிர்கோனியத்தை அடையாளம் கண்டது, இலங்கையிலிருந்து போன சிர்கான் கல்லைப் பகுத்துப் பார்த்துத்தான். கனிம மணல் எடுப்பால் கரை அரிக்கும், கதிரியக்கம் பரவும் என்று குமரிக் கரையோர மக்கள் எழுப்பிவரும் எதிர்ப்பையும் இந்த இடத்தில் நினைவில் வைப்பது நியாயம். அடுக்களைக்கு வரும் எந்தப் பொருளும் எங்கோ ஓரிடத்து மண்ணைத் தோண்டித்தான் வருகிறது.

தூய சிர்கோனியாவைக் கொண்டு கத்தி செய்ய முடியாது. அதன் படிக அமைப்பு வெப்பத்துக்கு ஏற்ப மாறும். சுமார் 1170 பாகை செல்சியஸுக்கு மேல் ஒரு வடிவம், 2370 பாகைக்கு மேல் இன்னொரு வடிவம். சூளையில் சுட்டெடுத்து ஆறவிடும்போது, 1170 பாகைக்குக் கீழே வருகையில் படிகங்கள் பழைய வடிவத்துக்குத் திரும்பி, கன அளவில் 4, 5 விழுக்காடு பருக்கின்றன. திடப்பொருள் ஒன்று அப்படித் திடீரென்று உப்பினால் தன்னைத்தானே பிளந்துகொள்ளும். அதனால் வெகுகாலம் இதைச் சூளைச் செங்கல்லுக்கும் மூசைக்கும் மேல் பெரிதாக யாரும் எண்ணவில்லை.

திருப்பம் 1975-இல் வந்தது. ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த கார்வி, ஹானிங்க், பாஸ்கோ ஆகிய மூவரும் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். பீங்கான் எஃகு என்று ஒன்று சாத்தியமா என்ற கேள்வியே அதன் தலைப்பு. அவர்கள் சொன்னது இதுதான். சிர்கோனியாவுடன் வேறொரு ஆக்சைடை அளவாகக் கலந்தால், உயர்வெப்ப வடிவத்தை அறைவெப்பத்திலும் அப்படியே நிறுத்திவைக்கலாம். ஆனால் அந்தப் படிகங்கள் முழு நிம்மதியோடு இருப்பதில்லை. எங்காவது ஒரு வெடிப்பு தொடங்கினால், வெடிப்பின் முனையைச் சுற்றியுள்ள படிகங்கள் உடனே பழைய வடிவத்துக்கு மாறிப் பருக்கின்றன. அந்தப் பருமன் வெடிப்பின் வாயை நெருக்கி மூடுகிறது. தூய சிர்கோனியாவை உடைத்தெறிந்த அதே மாற்றம், இங்கே உடையாமல் காக்கும் காவலாகிறது. இன்றைய கத்திகளில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் இட்ரியம் ஆக்சைடைச் சேர்க்கிறார்கள், மூலக்கூற்று அளவில் 3 விழுக்காடு அளவுக்கு. பொருளறிவியலில் இதைவிட அழகான உத்திகள் அதிகம் இல்லை.

இதைக் கத்தியாக்கிப் பெருவாரியாக விற்பனைக்குக் கொண்டுவந்த பெருமை ஜப்பானின் கியோசெராவுக்கு. கசுவோ இனமோரி 1959-இல் கியோட்டோவில் தொடங்கிய நிறுவனம் அது. முதலில் தொலைக்காட்சிப் படக்குழாய்களுக்கான பீங்கான் காப்பு உறுப்புகளைச் செய்துகொண்டிருந்தது. 1984-இல் அதன் செராமிக் சமையல் கத்தி கடைக்கு வந்தது. பின்னாளில் சீனத்தில், குறிப்பாகக் கத்தித் தொழிலுக்குப் பேர்போன குவாங்டோங் மாநிலத்து யாங்ஜியாங்கில், மலிவு விலைக் கத்திகள் குவியத் தொடங்கின. இன்று இந்தியாவில் சில நூறு ரூபாய்க்கே வண்ண வண்ண அலகுகளோடு ஒரு செட் கிடைத்துவிடுகிறது.

செய்முறை கேட்பதற்கு எளிது. நுண்ணிய தூளை அச்சில் வைத்துப் பெரும் அழுத்தத்தில் அமுக்கிக் கத்தி வடிவம் கொடுக்கிறார்கள். 1400 முதல் 1500 பாகை வெப்பத்தில் சுடுகிறார்கள். சுடும்போது அது நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்குவதால், அச்சிலேயே அதற்குத் தகுந்தபடி பெரிதாக வைத்திருப்பார்கள். பிறகு வைரத்தூள் பதித்த சக்கரத்தில் விளிம்பு தீட்டப்படுகிறது. தரத்தின் சூட்சுமம் சூளையில் இருக்கிறது. வெப்பம் கூடினால் படிகங்கள் பெருத்துவிடும், குறைந்தால் உள்ளே நுண்துளைகள் தங்கிவிடும். இரண்டுமே அலகைப் பலவீனமாக்கும், இரண்டும் கண்ணுக்குத் தெரியாது.

சூளை எவ்வளவு முக்கியம் என்பதற்கு மருத்துவ உலகில் ஒரு கசப்பான சான்று உண்டு. இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் பொருத்தும் பந்துமுனைகளைச் சிர்கோனியாவில் செய்து விற்ற ஒரு பிரெஞ்சு நிறுவனம் 1998-இல் தன் சூளை முறையை மாற்றியது. அதன் பின் செய்த தொகுதிகள் சிலவற்றில் பந்துகள் நோயாளிகளின் உடலுக்குள்ளேயே உடையத் தொடங்கின. 2001 ஆகஸ்டில் அவை திரும்பப் பெறப்பட்டன. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் சிர்கோனியாவின் படிகங்கள் மேற்பரப்பிலிருந்து மெல்ல மெல்ல வடிவம் மாறி மூப்படையும் என்பது முன்பே தெரிந்ததுதான். சரியாகச் சுடாத பொருளில் அந்த மூப்பு விரைந்துவிட்டது. அடுக்களைக் கத்தி உடல் எடையைச் சுமப்பதில்லை, குழாய்த் தண்ணீரின் குளிர்ச்சியில் இந்த மூப்பும் பொருட்படுத்தும்படி நடக்காது. என்றாலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு வெள்ளை அலகுகளில் ஒன்று பத்தாண்டு உழைப்பதும் மற்றொன்று பத்தே நாளில் ஒடிவதும் ஏன் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. பெயர் தெரியாத மலிவுக் கத்தியில் பணம் மிச்சப்படுத்துவதை இக்கட்டுரை பரிந்துரைக்காததற்கும் இதுவே காரணம். கறுப்பு அலகு உசத்தி, வெள்ளை மட்டம் என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை: சில கறுப்பு அலகுகள் சூடான வாயு அழுத்தத்தில் இன்னொரு முறை இறுக்கப்பட்டவை, வேறு சில வெறும் நிறமி கலந்தவை. நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்ல முடியாது.

இப்போது அதன் குணங்களுக்கு வருவோம். கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவுகோலில் சமையலறை எவர்சில்வர் கத்தி 600-ஐ ஒட்டி நிற்கும். மிகக் கடினமான ஜப்பானிய எஃகுக் கத்தி 800-ஐத் தொடும். சிர்கோனியா 1200-க்கு மேல். எஃகு விளிம்பு மூன்று வழிகளில் மழுங்குகிறது: பலகையில் பட்டு மடங்குகிறது, தேய்கிறது, எலுமிச்சை தக்காளிப் புளிப்பில் அரிக்கப்படுகிறது. செராமிக் விளிம்பு மடங்காது, அரிபடாது, தேய்வதும் மிக மெதுவாகத்தான். நெடுநாள் கூர் நிற்பதன் காரணம் இவ்வளவே.

கடினமானது உறுதியானது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பொருளறிவியலில் இவை இரண்டும் வேறு வேறு குணங்கள். கடினம் என்பது கீறலை எதிர்ப்பது. உறுதி என்பது வெடிப்பு பரவாமல் தாங்குவது. மேலே சொன்ன படிக உத்தியின் புண்ணியத்தால் சிர்கோனியா கண்ணாடியைவிடப் பல மடங்கு தாங்கும், மற்றப் பீங்கான்களில் பெரும்பாலானவற்றையும் விஞ்சும். எஃகின் அருகில்கூட அதனால் வர முடியாது. இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. வளைப்பதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று பார்த்தால் சிர்கோனியாவும் எஃகும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு அதன் பிறகு. எல்லை மீறி வளைத்தால் எஃகு கோணலாகி நிற்கும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். சிர்கோனியாவுக்கு அந்த இடைநிலை கிடையாது. எல்லை வரை தாங்கும், எல்லையைத் தாண்டினால் ஒடியும்.

ஆகவே செராமிக் கத்தியின் விதி ஒன்றே ஒன்று: நேராக அறுக்கலாம், பக்கவாட்டில் அழுத்தக் கூடாது. கத்தியோடு வரும் துண்டுத்தாளில் பத்துப் பன்னிரண்டு எச்சரிக்கைகள் அச்சிட்டிருப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்த ஒன்றின் கிளைகள்.

விளம்பரங்கள் சொல்வதில் எது உண்மை என்று பார்க்கவேண்டும். "சாணையே பிடிக்க வேண்டாம்" என்பது பொய். பயன்பாட்டில் விளிம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். நாளடைவில் தக்காளித் தோலைக் கவ்வும், ஆனால் வழுக்கிக்கொண்டு இறங்காது. "எந்தக் கத்தியைவிடவும் கூரானது" என்பதும் மிகை. நன்றாகத் தீட்டிய நல்ல எஃகுக் கத்தி முதல் வெட்டில் செராமிக்கை வெல்லக்கூடியது. செராமிக்கின் பலம் நூறாவது வெட்டிலும் முதல் வெட்டின் கூரில் பெரும்பகுதி மிஞ்சியிருப்பதில்தான். கத்திகளின் கூரை அளக்க ஐ.எஸ்.ஓ. 8442-5 என்ற பன்னாட்டுத் தர அளவு இருக்கிறது. மணல் தூள் கலந்த அட்டைக் கட்டின் மேல் ஒரே விசையில் கத்தியை முன்னும் பின்னும் இழுத்து, ஒவ்வொரு இழுப்பிலும் எவ்வளவு ஆழம் வெட்டுகிறது என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனையில் கடினமான அலகுகள் சிறப்பாகத் தேறும். ஆனால் அங்கே கத்தி நேர்கோட்டில் மட்டுமே போகிறது. யாரும் அதை முறுக்குவதில்லை, எலும்பில் மோதுவதில்லை, தரையில் போடுவதில்லை. அடுக்களையில் இவை அத்தனையும் நடக்கும்.

"நறுக்கிய காய் கறுக்காது" என்ற விளம்பர வாசகத்தை நிதானமாகப் பிரித்துப் பார்க்கவேண்டும், தமிழ் அடுக்களைக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். நறுக்கிய காய் நிறம் மாறுவதற்கு வெவ்வேறான இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது காய்க்குள் நடப்பது. திசுக்கள் அறுபடும்போது உள்ளேயிருக்கும் ஒரு நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு ஃபீனால் பொருள்களைப் பழுப்பாக்குகிறது. ஆப்பிளும் கத்தரிக்காயும் பழுப்பேறுவது இதனால். எந்தக் கத்தியாலும் இதைத் தடுக்க முடியாது. கூரான கத்தி திசுவை நசுக்காமல் அறுப்பதால் சற்றுத் தாமதமாகலாம், அவ்வளவுதான். காயைத் தண்ணீரிலோ மோரிலோ போடும் பழைய வழக்கம் காற்றை மறிப்பதால் கத்தியைவிட அதிகம் உதவுகிறது.

இரண்டாவது காரணம் காய்க்கும் கத்திக்கும் இடையில் நடப்பது. வாழைப்பூவிலும் வாழைக்காயிலும் நெல்லிக்காயிலும் துவர்ப்பைத் தரும் டானின் நிறைய இருக்கிறது. டானின் இரும்பைத் தொட்டால் கருநீலக் கறை உண்டாகும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியது இதே வேதிவினையை நம்பித்தான். இரும்பு அரிவாள்மனையில் வாழைப்பூ ஆய்ந்தால் அலகும் விரலும் பூவும் கறுத்துப்போவதற்கு இதுவே காரணம். சிர்கோனியாவில் இரும்பு இல்லை, அது டானினோடு வினை புரிவதும் இல்லை. இந்த இடத்தில் விளம்பரம் சொல்வது முற்றிலும் உண்மை. ஆனால் நேர்மையாகச் சொன்னால், எவர்சில்வர் கத்தியும் தன் குரோமியப் படலத்தின் காப்பால் இந்தக் கறையைப் பெருமளவு தவிர்த்துவிடுகிறது. ஆக, பழைய இரும்புக் கத்தியிலிருந்து மாறுபவருக்கு ஆதாயம் பெரிது. எவர்சில்வரிலிருந்து மாறுபவருக்குச் சிறிது.

இனி எதை நறுக்கலாம்? தக்காளி, வெள்ளரி, வெங்காயம், வெண்டை, பீன்ஸ், கொத்தவரை, மல்லித்தழை, வாழைத்தண்டு, எலும்பில்லாத இறைச்சி, பழங்கள். குறிப்பாக எலுமிச்சை, அன்னாசி, மாம்பழம் போன்ற புளிப்பும் சாறும் மிகுந்தவற்றுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. மாங்கொட்டை மட்டும் விலக்கு. கொட்டையைச் சுற்றிச் சதையைச் சீவலாம், கொட்டையோடு சேர்த்துப் பிளக்கும் ஊறுகாய் மாங்காய்க்கு இது ஆகாது.

ஆகாதவற்றின் பட்டியல் நம் சமையலில் கொஞ்சம் நீளம். காரணம், நம் வீட்டுக் கத்தி நறுக்குவதற்கு மட்டும் பயன்படுவதில்லை. தேங்காய் கீறுகிறோம். வெல்லம் தட்டுகிறோம். டப்பா மூடியை நெம்புகிறோம். பூண்டை அலகின் தட்டைப் பக்கத்தால் நசுக்குகிறோம். பரங்கிக்காயில் கத்தியைச் செருகி, காயோடு தூக்கி மேடையில் தட்டிப் பிளக்கிறோம். சேனைக்கிழங்கில் பாதிவரை இறங்கிச் சிக்கிய கத்தியை இடமும் வலமும் ஆட்டிப் பிடுங்குகிறோம். இவை ஒவ்வொன்றிலும் பக்கவாட்டு விசையோ மோதலோ இருக்கிறது, எஃகு எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறது. செராமிக் ஒன்றைக்கூட மன்னிக்காது. பலாக்கொட்டை, கோழி எலும்பு, நண்டு, மீன் தலை, உறைபெட்டியிலிருந்து நேராக எடுத்த இறைச்சி என்று எதுவும் அதன் பக்கம் வரக்கூடாது. எதிர்பாராமல் எலும்பு தட்டுப்படக்கூடிய மீனையும் தவிர்ப்பதே நல்லது.

கத்தியைப் பிடித்து ஆள்வதிலும் சில பழக்கங்களை மாற்றவேண்டும். முனையைப் பலகையில் ஊன்றிப் பிடியை ஏற்றி இறக்கி விரைவாக அரியும் முறையில், வேகம் கூடும்போது கை தன்னையறியாமல் அலகை முறுக்கும். முன்னே தள்ளியோ பின்னே இழுத்தோ நேராக அறுப்பது பாதுகாப்பு. இன்னொரு பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது: நறுக்கி முடித்ததும் கூர்விளிம்பாலேயே பலகையை வழித்துக் காயைச் சட்டியில் தள்ளுவது. விளிம்பில் சில்லுப் பெயர்வதற்கு இந்த வழிப்பு முக்கியமான காரணம். கத்தியைத் திருப்பி முதுகுப் பக்கத்தால் தள்ளிவிட்டால் போதும். இஞ்சித் தோலைக் கூர்ப் பக்கத்தால் சுரண்டுவதும் இதே தவறுதான்.

பலகை மரமாகவோ மென்மையான பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். கிரானைட் மேடை, கண்ணாடிப் பலகை, பீங்கான் தட்டு, எவர்சில்வர் தட்டு ஆகியவற்றின் மேல் வைத்து நறுக்கவே கூடாது. சிர்கோனியா கிரானைட்டைவிடக் கடினமானதுதான். ஆனால் மெல்லிய விளிம்பு கல்லில் மோதும்போது, கீறலைத் தாங்கும் கடினத்தால் பயன் இல்லை, அதிர்ச்சியைத் தாங்கும் உறுதிதான் வேண்டும்.

கழுவுவது எளிது. பயன்படுத்திய உடனே சோப்பு நீரில் மெல்லிய பஞ்சால் துடைத்துக் கழுவி, உலர்த்தி, உறையில் போட்டுவிடலாம். துரு என்ற பேச்சே இல்லை. தொட்டியில் மற்றப் பாத்திரங்களோடு போட்டுவைப்பதுதான் ஆபத்து: கத்திக்கும் ஆபத்து, அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாமல் கைவிடும் ஆளுக்கும் ஆபத்து. பாத்திரம் கழுவும் இயந்திரமும் வேண்டாம், நீர்வீச்சில் பாத்திரங்களோடு மோதி விளிம்பு போய்விடும். கம்பி நாரால் தேய்த்தால் அலகில் சாம்பல் நிறக் கோடுகள் விழும். பலர் அதைக் கீறல் என்று நினைத்துக் கவலைப்படுகிறார்கள். உண்மையில் கம்பியின் உலோகம்தான் தேய்ந்து அலகில் ஒட்டியிருக்கிறது. மஞ்சள், கேரட், பீட்ரூட் கறை வெள்ளை அலகில் பளிச்சென்று தெரியும். நீர்த்த பிளீச்சிங் கரைசலில் சிறிது நேரம் ஊறவைத்து நன்றாக அலசினால் போகும். மஞ்சள் கறையாக இருந்தால் வெயிலில் வைத்தாலே மங்கும், மஞ்சளின் நிறப்பொருள் ஒளியில் சிதையக்கூடியது. தீயில் காட்டுவதும், கொதிக்கும் எண்ணெயில் விட்டுத் துழாவிவிட்டு உடனே தண்ணீரில் நனைப்பதும் வேண்டாம்.

வைக்குமிடம் தனியாக இருக்கவேண்டும். கரண்டிகளோடு இழுப்பறையில் புரண்டால் விளிம்பு நிற்காது. சுவரில் மாட்டும் காந்தப் பட்டையும் இதற்குப் பயன்படாது, சிர்கோனியா காந்தத்தில் ஒட்டாது.

சாணை பிடிப்பதுதான் இதில் கடினமான பகுதி. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கக்கூடாது. அவருடைய சக்கரம் எஃகுக்கு ஏற்றது. சிர்கோனியாவுக்கும் அந்தக் கல்லுக்கும் கடினத்தில் பெரிய இடைவெளி இல்லாததால் தேய்வது மெதுவாகவும், சக்கரத்தின் அதிர்வில் விளிம்பு உதிர்வது விரைவாகவும் நடக்கும். எஃகுக் கத்தியை உரசி நேராக்கும் கம்பியும் வீண், மடங்காத விளிம்பை நேராக்க எதுவும் இல்லை. இதற்கு வைரம்தான் வழி. கியோசெரா வைரச் சக்கரம் பொருத்திய சிறு சாணைக் கருவிகளை விற்கிறது. ஜப்பானில் தன் கத்திகளைத் திரும்ப வாங்கிச் சாணை பிடித்துத் தரும் சேவையும் நடத்துகிறது. கைத்தேர்ச்சி உள்ளவர்கள் வீட்டிலேயே நுண்ணிய வைரத் தகட்டை ஈரமாக்கி, பாரமே கொடுக்காமல், விளிம்பு பின்னால் வரும்படி இழுத்து இழுத்துத் தீட்டலாம். எஃகைத் தீட்டும்போது மறுபக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும் பிசிறு இதில் வராது. எப்போது போதும் என்று கண்ணாலும், ஒரு தாளை அறுத்துப் பார்த்தும்தான் அறியவேண்டும். பொடிச் சில்லுகளை இப்படிச் சரிசெய்யலாம். முனை ஒடிந்த கத்தியையோ பெரிய பள்ளம் விழுந்த விளிம்பையோ மீட்க முயல்வது நேரத்துக்குப் பெறாது.

சில்லு பெயர்ந்தால் கத்தி கெடுவது சிறிய இழப்பு. அந்தச் சில்லு எங்கே போனது என்பதே பெரிய கேள்வி. நறுக்கும்போது பெயர்ந்ததாகச் சந்தேகம் வந்தால், அந்தக் காயை அப்படியே கொட்டிவிடுவதுதான் சரி. வெள்ளை வெங்காயத்துக்குள் வெள்ளைத் துணுக்கைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. உணவுத் தொழிற்சாலைகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. அங்கே உணவில் விழுந்த எஃகுத் துணுக்கை உலோகக் கண்டறிகருவி பிடித்துவிடும், சிர்கோனியாவை அது காணாது. எக்ஸ்-கதிர்க் கருவிதான் காணும். பாதுகாப்புச் சோதனைகளிலும் இதே கவலை உண்டு. அதனால் சில நிறுவனங்கள் அலகிலோ பிடியிலோ கண்டறிகருவி உணரும்படி கொஞ்சம் உலோகம் சேர்க்கின்றன. பிரிட்டனில் உலோகக் கண்டறிகருவிக்கு எளிதில் அகப்படாத கத்திகளுக்குத் தடை இருக்கிறது. சமையலுக்கென்று செய்தவற்றுக்கு அதிலிருந்து விலக்கு.

குழந்தைகள் உள்ள வீட்டில் வேறொரு எச்சரிக்கை தேவை. இளஞ்சிவப்பும் பச்சையுமாக இருக்கும் இந்த அலகுகள் பொம்மைக் கத்தி போலத் தோன்றும். எடையும் குறைவு, சிர்கோனியாவின் அடர்த்தி எஃகைவிட ஏறத்தாழக் கால் பங்கு கம்மி. கையில் எடுக்கும் பிள்ளைக்கு ஆபத்து தெரியாது. உறையும் உயரமான இடமும் கட்டாயம்.

இத்தனையும் பார்த்தபின் தீர்ப்பு என்ன? செராமிக் கத்தி வீட்டின் ஒரே கத்தியாக இருக்கத் தகுதியற்றது. இரண்டாவது கத்தியாக மிகச் சிறந்தது. தேங்காய்க்கும் பூசணிக்கும் மீனுக்கும் எஃகும் அரிவாள்மனையும் தொடரட்டும். பழம், தக்காளி, வாழைப்பூ, எலுமிச்சை ஆகியவற்றைச் செராமிக்கிடம் கொடுக்கலாம். நீளமானதை வாங்காமல், விரலடக்கமான சிறு கத்தியை வாங்குவது நல்லது. அலகு குட்டையாக இருந்தால் வளைவும் குறையும், ஒடிவதும் குறையும். அதை வாங்கவும் தயங்குபவர்கள் செராமிக் தோல்சீவியிலிருந்து தொடங்கலாம். அதில் அலகு சட்டத்துக்குள் பத்திரமாக இருக்கிறது, நெம்புவதற்கு வழியே இல்லை, கூர் மட்டும் நெடுநாள் நிற்கிறது. இந்தப் பொருளுக்கு மிகப் பொருத்தமான அடுக்களைப் பயன் அதுதான் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. கத்தி வாங்கினால், அதன் ஒரே விதியை வீட்டில் சமைக்கும் எல்லோருக்கும், உதவிக்கு வருபவருக்கும் வாங்கிய அன்றே சொல்லிவிட வேண்டும். ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாத வீட்டில் இந்தக் கத்தி பிழைப்பதில்லை.

உடைந்துவிட்டால் அதை அப்படியே குப்பைக்கூடையில் போடாதீர்கள். நம் ஊர்களில் குப்பையைக் கையால் பிரிப்பவர்கள் மனிதர்கள். வெள்ளைத் துண்டு பிளாஸ்டிக் போலத் தெரியும், விரலை எலும்புவரை கிழிக்கும். தடித்த அட்டையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, பட்டை ஒட்டி, மேலே "உடைந்த கத்தி" என்று எழுதி, தூய்மைப் பணியாளரின் கையில் சொல்லிக் கொடுங்கள்.